கடல் உறையவில்லை ஐயா, கரையில்தான் பனி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு ஞாயிறுக்கு முன்பு உங்கள் இணைப்பிதழின் கடைசிப் பக்கத்தில் ஒரு படம் வந்தது. வெண்பனி மூடிய கடற்கரை. பின்னால் சாம்பல் நிறத்தில் அலை எழுந்து நிற்கிறது. நடுவில் தலை முதல் கால் வரை கறுப்பு உடை போட்ட ஒருவர் மஞ்சள் அலைச்சறுக்குப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கிறார். கீழே ‘உறைபனியில் உறைந்த இங்கிலாந்துக் கடல்’ என்று போட்டிருந்தீர்கள். எந்த ஊர் என்று இல்லை, எந்த நாள் என்றும் இல்லை.

போன ஞாயிறு அதற்கு ஒரு வாசகர் எழுதிய பதில் வந்தது. கடல் உறைந்திருந்தால் அலை எப்படி அடிக்கும், அந்தக் குளிரில் மனிதன் எப்படித் தண்ணீரில் இறங்குவான், இது கம்ப்யூட்டர் செய்த பொய்ப் படம், இதைப் போடலாமா என்று கேட்டிருந்தார். கேள்வி நியாயமானது. ஆனால் அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டியது உங்கள் படவிளக்கத்தை. படம் அசல். அன்று அதே மணலில் நானும் கேமராவோடு நின்றேன்.

நான் காரைக்கால்காரன். பத்தொன்பது வருடமாக இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலில், நியூக்கீ என்ற ஊரில் இருக்கிறேன். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது தொழில். விடுமுறை நாளில் அலைகளையும் அலைச்சறுக்கு ஆடுகிறவர்களையும் படம் எடுப்பது பழக்கம். உங்கள் பத்திரிகையை இணையத்தில் படிக்கிறவன்தான். ஆனாலும் இந்தப் படத்தை எனக்குக் காட்டியது ஊரில் இருக்கும் என் அண்ணன். பக்கத்தைப் போனில் எடுத்து அனுப்பிவிட்டு ஐந்தே நிமிடத்தில் கூப்பிட்டார்.

“ஏம்ப்பா, உங்க ஊர்ல கடலே உறைஞ்சு போச்சாமே. பிள்ளைங்கல்லாம் நல்லாருக்கா?”

“அண்ணே, அது 2018ல எடுத்த படம். கடலும் உறையல, ஒண்ணும் உறையல.”

“வருஷம் போடலையே” என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் ‘பனி’ என்ற சொல். மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியும் நமக்குப் பனி, ரயிலைத் தாமதமாக்கும் வெள்ளை மூட்டமும் பனி, காஷ்மீரில் கொட்டுவதும் பனி. இதில் ‘உறைபனி’ என்ற சொல்லை நீங்களே ஒவ்வொரு ஜனவரியும் ஊட்டிச் செய்திகளில் சரியாகத்தான் எழுதுகிறீர்கள். காற்றிலிருக்கும் ஈரம் இரவில் புல்மேல் படிந்து உறைந்து வெளுத்துக் கிடப்பது அது. வானத்திலிருந்து துகளாக இறங்கிக் குவிவது பனிப்பொழிவு. அந்தப் படத்தில் இருப்பது இரண்டாவது வகை. ‘உறைபனி’ என்று எழுதிய கை அப்படியே ‘உறைந்த கடல்’ வரைக்கும் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

சரி, இடத்துக்கு வருகிறேன். படத்தின் வலது மேல் மூலையில், மேட்டின் மேல், செங்கல் நிறத்தில் தனியாக ஒரு பெரிய கட்டடம் தெரிகிறதே, அது ஹெட்லண்ட் ஹோட்டல். 1900இல் திறந்தது. அதை வைத்து இந்த ஊர்க்காரர் யாரும் ஒரு நொடியில் சொல்லிவிடுவார், அது நியூக்கீயின் ஃபிஸ்ட்ரல் கடற்கரை என்று. இங்கிலாந்தில் அலைச்சறுக்கு என்றால் முதலில் வாயில் வரும் பெயர் அது. வடக்கே டோவன் ஹெட் என்ற நிலமூக்கு, தெற்கே பென்டயர், இடையில் மேற்குப் பார்த்த முக்கால் கிலோமீட்டர் மணல். மேற்குப் பார்த்தது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

நாளைச் சொல்வதும் கஷ்டமில்லை. கார்ன்வாலில் கடற்கரையில் பனி நிற்பது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்தால் அதிகம். மூன்று பக்கமும் கடல், மேற்கிலிருந்து ஈரக்காற்று, அட்லாண்டிக்கின் வெந்நீரோட்டம் கொண்டுவரும் வெதுவெதுப்பு. வீட்டு வாசல்களில் பனைமரம் மாதிரி ஒரு மரம் வைத்திருப்பார்கள், அது இங்கே குளிர்காலத்தையும் தாங்கி வளரும். மேலே பனியாகப் புறப்பட்டது கரையை நெருங்கும்போது கடலின் சூடு பட்டு மழையாகிவிடுவதுதான் வழக்கம். பனியாகவே மணலைத் தொட வேண்டுமென்றால் காற்று கிழக்கிலிருந்து, கண்டத்துக் குளிரை அப்படியே சுமந்துகொண்டு வர வேண்டும்.

2018 பிப்ரவரியில் அதுதான் நடந்தது. அந்த மாத நடுவில் வடதுருவத்துக்கு மேலே, பல கிலோமீட்டர் உயரத்தில், காற்று திடீரென்று சூடாகி, துருவத்தைச் சுற்றிக்கொண்டிருந்த காற்றுச் சுழல் இரண்டாகப் பிளந்தது. அதன் விளைவு கீழே இறங்க இரண்டு வாரம் ஆனது. வழக்கமான மேற்குக் காற்று நின்றுபோய், சைபீரியப் பக்கத்துக் குளிர் ஐரோப்பாவைக் கடந்து பிரிட்டனுக்குள் வந்தது. இங்கத்திய பத்திரிகைகள் அதற்குக் ‘கிழக்கத்தி மிருகம்’ என்ற அர்த்தத்தில் பெயர் வைத்தன. (பெயர் வைப்பதில் உலகப் பத்திரிகைகள் எல்லாம் ஒரே ஜாதி.) தெற்கிலிருந்து எம்மா என்ற புயலும் வந்து சேர்ந்தது. அந்தப் பெயர் போர்ச்சுக்கல் வானிலைத் துறை வைத்தது. மார்ச் 1ஆம் தேதி தென்மேற்கு இங்கிலாந்துக்கும் தெற்கு வேல்ஸுக்கும் பனிக்கான சிவப்பு எச்சரிக்கை விட்டார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

நான் சொல்லும் நாள் அதற்கு முந்தினது. பிப்ரவரி 28, புதன்கிழமை. தமிழ்க் கணக்கில் மாசி 16. ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்பார் என் அம்மா. அவர் சொன்ன மாசிப் பனி வேறு, காலையில் ஜன்னலைத் திறந்தபோது நான் பார்த்த மாசிப் பனி வேறு. பள்ளிக்கூடம் மூடியாயிற்று. மகள் சட்டைமேல் சட்டையாக நான்கு போட்டுக்கொண்டு தெருவில் நின்றாள். எனக்கு அன்று டியூட்டி இல்லை. “இந்தக் குளிர்ல போகணுமா?” என்று மனைவி கேட்டார். கேட்டுக்கொண்டே பிளாஸ்க்கில் இஞ்சி டீயும் ஊற்றிக் கொடுத்தார்.

மறுநாள் மாசி மகம். எங்கள் ஊர்ப் பக்கத்தில் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத் திருக்கண்ணபுரத்துப் பெருமாள் தீர்த்தவாரிக்கு வருவார். பட்டினச்சேரி மீனவர்கள் அவரை மாப்பிள்ளைச் சாமி என்று தோள்கொடுத்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். மணல் காலைச் சுடும் என்று சின்ன வயதில் ஈரத்தில் ஓடி ஓடி நிற்போம். ஃபிஸ்ட்ரலுக்கு இறங்கும் படிகளில் பனியைச் செருப்பால் தள்ளித் தள்ளி இறங்கியபோது எனக்கு அந்த மணல்தான் ஞாபகம் வந்தது. செருப்பு என்றா எழுதினேன், பூட்ஸ். பழக்கதோஷம்.

கீழே போய் நின்றதும் முதலில் கவனித்தது காற்று. நம் ஊரில் கிழக்கிலிருந்து வரும் கொண்டல் கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். மேற்குப் பார்த்த ஃபிஸ்ட்ரலில் அதே கீழ்க்காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. படம் எடுக்கிறவனுக்கு இதைவிட அதிர்ஷ்டம் கிடையாது. கடலைப் பார்த்து நின்றால் பனி முதுகில் விழுகிறது, லென்ஸில் ஒரு துளிகூட இல்லை. மற்ற நாட்களில் பத்துப் படத்துக்கு ஒருமுறை லென்ஸைத் துடைத்துத் துடைத்தே பொழுது போய்விடும், உப்புச் சாரல் அப்படி. அன்று சாரலும் எதிர்ப்பக்கம் போயிற்று. அலை கரையை நோக்கி வரும்போது காற்று அதன் முகத்தில் முட்டித் தாங்கிப் பிடிக்கும். அதனால் அது சட்டென்று சரியாமல் கண்ணாடி மாதிரி நிமிர்ந்து நிற்கும், உச்சியிலிருந்து நீர்த்தூள் குதிரைப் பிடரி போலப் பின்னால் பறக்கும். உங்கள் பத்திரிகையில் வந்த படத்தில் அந்தப் பிடரி இருக்கிறது. எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள், கடல் பக்கம். பனித் துகள்களும் அதே பக்கம் கீறலாக ஓடுகின்றன. பொய்யாகச் செய்கிறவர் இரண்டையும் ஒரே திசைக்கு வளைக்க நினைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. எக்ஸ்ரே பார்த்துப் பார்த்து, ஒரு படத்தில் ஒன்றுக்கொன்று ஒத்துவராத இடம் எது என்று தேடுவது என் கண்ணுக்கு வழக்கமாகிவிட்டது. அந்தப் படத்தில் எனக்கு ஒன்றும் சிக்கவில்லை.

இன்னொரு அடையாளம், பனி எங்கே நிற்கிறது என்பது. கடல் வரைக்கும் பனி கிடையாது. மேலே உலர்ந்த மணலில் மட்டும் வெள்ளை. அதற்கப்பால் ஈரமணல் காபிப்பொடி நிறத்தில் பட்டையாகக் கிடக்கும். அங்கே விழுகிற பனி தொட்ட உடனே கரைந்துவிடும். மணலில் ஊறியிருக்கும் கடல்நீரின் சூடு ஒரு காரணம், உப்பு இன்னொரு காரணம். பௌர்ணமி நெருங்கிக்கொண்டிருந்ததால் அந்த வாரம் நீரேற்றமும் இறக்கமும் பெரிது. இந்தக் கரையில் பெரிய ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் 6 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். காரைக்காலில் ஒரு மீட்டர்கூட வராது. நான் போன நேரம் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அலையும் ஈரமணலைத் தாண்டி வந்து பனியின் ஓரத்தை, அப்பளத்தைக் கடித்த மாதிரி, வளைவு வளைவாகக் கடித்துவிட்டுத் திரும்பியது. அந்த ஓரத்தை மட்டும் நாற்பது படம் எடுத்திருப்பேன். அலையைப் பார்க்க வந்தவன் அதை மறந்துவிட்டு அந்தக் கோட்டோடு நடந்துகொண்டிருந்தேன்.

வெள்ளை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பனியின் வெள்ளையில் லேசான நீலம் இருக்கிறது. அலை நுரையின் வெள்ளை சோறு வடித்த கஞ்சி நிறம், கடலில் அழுகிக் கரைந்த உயிர்ப்பொருள் கலந்தது அது. கேமராவுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தானாகத் தெரியாது. அதற்குள் இருக்கும் ஒளி அளவி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொள்ளும். பனியைக் காட்டினால் ‘அடடா, வெளிச்சம் அதிகம்’ என்று குறைத்துவிடும், பனி சிமெண்ட் தரை மாதிரி வந்து நிற்கும். என் முதல் பத்துப் படம் அப்படித்தான் அழுக்குத் துணியாக வந்தது. அப்புறம் ஒன்றேகால், ஒன்றரை ஸ்டாப் (கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் கணக்கு) ஏற்றி வைத்தேன். அதற்கு மேல் ஏற்றினால் நுரையில் விவரம் எல்லாம் வெந்து ஒரே வெள்ளையாகிவிடும். கறுப்பு உடைக்காரரையும் வெள்ளை நுரையையும் ஒரே சட்டத்தில் வைக்க வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரேயில் எலும்பும் தெரிய வேண்டும், நுரையீரலும் தெரிய வேண்டும் என்று டாக்டர் கேட்பாரே, ஏறக்குறைய அந்தத் தலைவலிதான்.

பனித் துகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அலையை உறைய வைத்த மாதிரி கூர்மையாக எடுக்க ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/1000 நொடியில் வைப்பது என் வழக்கம். அன்று அப்படி எடுத்ததில் பனித் துகள்கள் வெறும் வெள்ளைப் புள்ளிகளாக வந்தன. நான் தொழில் பழகிய காலத்தில் எக்ஸ்ரே ஃபிலிமைக் கேசட்டில் வைத்து எடுப்போம். உள்ளே திரையில் தூசி விழுந்தால் படத்தில் இதே மாதிரி வெள்ளைப் புள்ளி விழும், சீனியர் திட்டி மறுபடி எடுக்கச் சொல்வார். அதனால் அந்தப் படங்களைப் பார்த்ததும் என் கை அழிக்கும் பொத்தானுக்குப் போனது. ஷட்டரை 1/200க்கு இறக்கினேன். புள்ளி கோடாகி, பனி விழுவது விழுவதாகத் தெரிந்தது, ஆனால் பலகையில் வந்தவர் படத்தில் மங்கலாகிப்போனார். கடைசியில் 1/400இல் நின்றேன். தானியங்கிக் குவியமும் (ஆட்டோஃபோகஸ்) அன்று உதவவில்லை, குறுக்கே போகிற ஒவ்வொரு துகளையும் பிடிக்கப் பார்த்தது. அலை உடைகிற இடத்துக்குக் கையால் குவியத்தை வைத்து, யாராவது அங்கே வரட்டும் என்று காத்திருந்தேன்.

வந்தவர்கள் ஏழு பேர். அதில் மஞ்சள் பலகைக்காரர் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர், குழாய் ரிப்பேர் பார்ப்பவர். உங்கள் பத்திரிகையில் வந்தவர் அவர்தான். என் படத்திலும் அவர் இருக்கிறார், அதே பலகை, அதன் மூக்கில் அதே ஒட்டு. அந்த வாரம் ஊரில் எத்தனையோ வீட்டில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தது. ஊர் முழுக்கக் குழாய்க்காரரைத் தேடிக்கொண்டிருக்க, அவர் இங்கே அலையில் இருந்தார். கரையேறியபோது, தண்ணீருக்குள் குளிரவில்லையா என்று கேட்டேன். உள்ளேதான் சூடு, வெளியே வரத்தான் பயமாக இருக்கிறது என்றார். தாடியில் பனி ஒட்டியிருந்தது.

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வாசகர் நண்பரின் இரண்டு கேள்விக்கும் இதில்தான் பதில் இருக்கிறது. அன்று காற்றின் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி. கடல்நீர் 8, 9 டிகிரி. அதாவது கடல் காற்றைவிடச் சூடு. கடல்நீர் உறைய வேண்டுமானால் பூஜ்யத்துக்கும் கீழே ஏறக்குறைய 1.9 டிகிரிக்குப் போக வேண்டும், உப்பு அப்படித் தடுக்கிறது. அதுவும் மேல்தண்ணீர் மட்டும் குளிர்ந்தால் போதாது. குளத்துத் தண்ணீர் 4 டிகிரிக்குக் கீழே போனால் எடை குறைந்து மேலேயே நிற்கும், அதனால் குளம் மேலே ஏடு கட்டும். கடல்நீர் குளிரக் குளிர எடை கூடிக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், அடியிலிருந்து சூடான நீர் மேலே வரும். அட்லாண்டிக் மாதிரி ஒரு கடலை இப்படிக் குளிர்விக்க ஒரு வாரத்துக் கீழ்க்காற்றால் ஆகாது. உறைகிற கடல்களும் உண்டு. சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவிலுள்ள வளைகுடாவின் வடபகுதி குளிர்காலம்தோறும் உறையும், அங்கே உப்பு மிகக் குறைவு. கார்ன்வாலுக்கு அந்தக் கதை பொருந்தாது.

ஆள் எப்படித் தாங்கினார் என்றால், அந்தக் கறுப்பு உடை நியோப்ரீன் ரப்பர். குளிர்காலத்துக்கு உடம்புப் பகுதியில் 5 மில்லிமீட்டர் கனம் இருக்கும். தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, காலுக்கு பூட்ஸ் எல்லாம் அதே ரப்பர். உள்ளே நுழைகிற கொஞ்சம் தண்ணீரை உடம்பு சூடாக்கி வைத்துக்கொள்ளும். முகம் மட்டும் திறந்திருக்கும். அலையில் ஏறிக் கரையை நோக்கி வரும்போது கீழ்க்காற்று அந்தப் பனியை நேராக முகத்தில் அறைந்தது, எனக்கு முதுகில் விழுந்த அதே பனி. என் படங்களில் பாதியில் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வருகிறார்கள்.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், யாராவது ஏமாறாமல் இருக்கட்டும். முதல் பேட்டரி ஒரு மணி நேரத்தில் செத்தது. வீட்டில் முழுதாக ஏற்றிக்கொண்டு போனது. குளிரில் பேட்டரிக்கு உயிர் குறையும் என்று தெரிந்துதான் இரண்டாவதைச் சட்டைக்குள் வயிற்றோடு வைத்திருந்தேன், அது காப்பாற்றியது. முதலாவதையும் அரைமணி வயிற்றில் அடைகாத்த பிறகு இன்னும் முப்பது படத்துக்கு வந்தது. அது வரைக்கும் சமர்த்தாக இருந்தவன் வீட்டுக்கு வந்ததும் புத்தியைத் தொலைத்தேன். படத்தைக் காட்டும் ஆசையில் கேமராவை நேராக அடுப்படிக்கு எடுத்துப் போய்விட்டேன். அடுப்பில் ரசம் கொதிக்கிறது. நான்கு மணி நேரம் பனியில் கிடந்த கேமரா, ரச ஆவி. ஐந்து நொடியில் லென்ஸ் முழுக்க வியர்த்து, உள்கண்ணாடி வரைக்கும் வெளுத்துப்போனது. “மிளகு ரசம் வாசனை கேமராவுக்கும் பிடிச்சிருக்கும் போல” என்றார் மனைவி. சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை. வெளியிலேயே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, பையோடு உள்ளே கொண்டுவந்து இரண்டு மணி நேரம் சும்மா வைத்திருக்க வேண்டும். ஈரம் பைக்கு வெளியே படிந்துவிடும். இதை ஊருக்கே சொல்லித் தருகிறவன் நான். லென்ஸ் காய மூன்று நாள் ஆனது. உள்ளே ஓரத்தில் ஒரு கறை இன்னும் இருக்கிறது.

மறுநாள் வேலைக்குப் போனது வேறொருவர் புண்ணியத்தில். எங்கள் பகுதியில் பெரிய சக்கர ஜீப் வைத்திருந்தவர்கள் நர்ஸ்களையும் எங்களையும் வீடு வீடாக ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் இறக்கினார்கள். போய்ப் பார்த்தால் வரிசையாக மணிக்கட்டு. வழுக்கும்போது கையை ஊன்றுவது மனித சுபாவம், ஊன்றினால் மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே எலும்பு முறியும். அதில் ஒருவர் கடற்கரைப் படியில் பனியைப் படம் எடுக்கப் போய் விழுந்தவர். முறிந்த கையை எக்ஸ்ரே பலகையில் வைத்துக்கொண்டே நல்ல கையால் போனை எடுத்து அந்தப் படத்தை எனக்குக் காட்டினார். படம் நன்றாகத்தான் வந்திருந்தது, எக்ஸ்பொஷர் கொஞ்சம் குறைவு. அன்றும் அதற்கு மறுநாளும் தெற்குக் கரையில் நிலைமையே வேறு. கீழ்க்காற்று அங்கே கடலிலிருந்து கரைக்கு அடித்ததால் எம்மாவின் அலைகள் கடற்சுவரைத் தாண்டி விழுந்தன. அங்கே கேமராவோடு போகச் சொல்லி யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

இது கார்ன்வாலோடு முடிகிற விஷயமும் இல்லை. 2025 ஜனவரி 21ஆம் தேதி அமெரிக்காவில், மெக்சிகோ வளைகுடாக் கரையில், நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஃபுளோரிடாவின் பென்சகோலா வரைக்கும் அரையடிக்கு மேல் பனி கொட்டியது. பென்சகோலாக் கடற்கரை மணல் தூய படிகக்கல் துகள், சாதாரண நாளிலேயே சர்க்கரை மாதிரி வெள்ளை. அன்றைய படங்களைத் தேதி இல்லாமல் பார்த்தால் எது மணல், எது பனி என்று அந்த ஊர்க்காரரே தடுமாறுவார். மறுபக்கம், வெயில் காலத்தில் எடுத்த படத்தைப் பனி என்று ஒருவர் அனுப்பினால் உங்கள் மேசையில் யார் கண்டுபிடிப்பது?

இப்போது எந்தப் படத்தைப் பார்த்தாலும் கம்ப்யூட்டர் செய்தது என்று சொல்லிவிட முடிகிறது. வாசகர் நண்பர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கையில் நீங்கள் கொடுத்தது ஒரு படமும் ஒரு தவறான வரியும். அந்த வரியை நம்பினால் படம் பொய்யாகத்தான் இருக்க வேண்டும், அவர் கணக்குச் சரி. ஊரும் தேதியும் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் அன்றைய வானிலையைத் தேடிப் பார்த்திருப்பார். என் அண்ணனும் பதறியிருக்க மாட்டார். எங்கள் துறையில் நோயாளி பெயர், தேதி, வலது இடது குறி இல்லாமல் ஒரு படம் வெளியே போகாது. போனால் வேலை போகும். பத்திரிகைக்கு அந்த அளவு வேண்டாம், ஊரும் நாளும் எடுத்தவர் பெயரும் போதும். எடுத்தவர் பெயரை நீங்கள் போடவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நான்கு மணி நேரம் பனியில் நின்றிருப்பார் அவரும்.

கடிதம் நீண்டுவிட்டது. ரசக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், உறைநிலைக் கணக்கை மட்டும் வெட்டாதீர்கள். அன்று நான் எடுத்ததில் ஒரு படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். மஞ்சள் பலகைக்காரர் கரையேறி வருவது, அவரிடம் கேட்டு அனுமதி வாங்கியாயிற்று. பணம் எதுவும் வேண்டாம். கீழே இந்த வரியை மட்டும் மாற்றாமல் போடுங்கள்:

‘ஃபிஸ்ட்ரல் கடற்கரை, நியூக்கீ, கார்ன்வால். 2018 பிப்ரவரி 28, புதன், பிற்பகல் 3 மணி. கரையில் பனிப்பொழிவு, கீழ்க்காற்று. கடல்நீர் சுமார் 9 டிகிரி.’

இப்படிக்கு,
காரைக்கால் வாசகன்,
நியூக்கீ, இங்கிலாந்து.